கேசட்டில் கேட்ட தட்டல்

சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு நாற்பத்தைந்து. இப்படித் தலைகீழாக ஒரு குருகுலம் பெரம்பூரில்தான் நடக்கும்.

சீடர் பெயர் ஏகாம்பரம். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு ஹில்டா. பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக் கொடுப்பவர், சனி ஞாயிறுகளில் ஜாஸ் வாசிப்பவர். ஏகாம்பரம் அவரை 'மிஸ்' என்பார். ஹில்டா இவரை 'சார்' என்பார். யார் யாருக்கு மரியாதை தருகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத்தான் குழப்பம். அவர்களுக்குள் ஒரு குழப்பமும் இல்லை.

இருவரையும் சேர்த்து வைத்தவர் ஆஸ்வால்ட் ரெபேரோ. போன மழைக்காலத்தில் இறந்துபோனார்.

ஆஸ்வால்ட் டபுள் பாஸ் வாசித்தவர். ஆளை விட உயரமான வயலின் மாதிரி இருக்கும். நின்றுகொண்டு, அணைத்துப் பிடித்து, விரலால் சுண்டி வாசிப்பார்கள். பகலில் அவர் அதே தொழிற்சாலையில் சார்ஜ்மேன், ஏகாம்பரத்தின் மேற்பார்வையாளர். மாலையானால் ரயில்வே காலனியின் நடன மண்டபம், இல்லையென்றால் ஊருக்குள் பெரிய ஓட்டல்கள். சினிமா வாத்தியக் குழுவில் ஆள் குறைந்தால் அங்கேயும் போவார். மதராஸ் என்றால் சபாவும் கச்சேரியும் மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் நெருங்கினால் இந்த ஊரில் ஒரு டிரம்பெட்காரரைப் பிடிக்க அல்லாட வேண்டியிருந்தது. பெரம்பூரிலும் வேப்பேரியிலும் மரத்தரையில் பவுடர் தூவிவிட்டு ஆடுவார்கள். அதைச் சொன்னால் இப்போது சிரிக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது.

ஆஸ்வால்டின் விரல்கள் மடங்க மறுத்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பாஸை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ஏகாம்பரத்தின் வீட்டில் இறக்கினார்.

"உன் கை ஃபிட்டர் கை மேன். கம்பிக்குப் பயப்படாது. ஹில்டாகிட்ட போய்க் கத்துக்கோ."

"நீங்களே சொல்லிக் குடுங்களேன் சார்."

"வேணாம். நீ என்னையே பார்த்துட்டு இருப்பே."

ஏகாம்பரத்துக்கு அது புரியவில்லை. சார்ஜ்மேன் சொன்னால் செய்துதான் பழக்கம். ஹில்டாவிடம் போனார்.

ஹில்டாவின் பாடம் விசித்திரமாக இருந்தது. ஏகாம்பரம் கம்பியைப் பார்த்து வாசித்தால், பியானோவில் இருந்தபடி, "என் கையைப் பாருங்க சார்" என்பார். கையைப் பார்த்தால், "என் மூச்சைக் கவனிங்க" என்பார். ஒரு வீட்டில் கல்யாணத்துக்கு வாசித்துவிட்டு வந்த அன்று, "நான் எப்படி வாசிச்சேன் மிஸ்?" என்று ஆசையாகக் கேட்டார் ஏகாம்பரம்.

"மாப்பிள்ளை எந்தக் காலை முதல்ல எடுத்து வெச்சு ஆடினார்?"

"கவனிக்கலையே மிஸ்."

"அப்போ எனக்கும் தெரியாது" என்றார் ஹில்டா.

இந்த நிலையில்தான் ஆஸ்வால்ட் போய்ச் சேர்ந்தார். வருஷம் திரும்புவதற்குள் காலனியின் நடன மண்டபத்தில் அவருக்கு ஒரு நினைவு இசை மாலை நடத்துவது என்று காலனிக்காரர்கள் முடிவு செய்தார்கள். பொறுப்பு மெர்வினுடையது. மெர்வின் எதையும் கச்சிதமாகச் செய்கிற மனிதர், அதனால் அவரைக் கண்டால் எல்லோருக்கும் கொஞ்சம் சலிப்பு.

அந்த மாலைக்கு முக்கியமான உருப்படி ஒன்று உண்டு. ஊர் அதை 'ஆஸ்வால்ட் தனி' என்று சொல்லும்.

முன்னொரு காலத்தில் புதுவருஷ நடனத்தின்போது அந்த மண்டபத்தில் யாரோ கேசட்டில் பதிவு செய்தது. ஆஸ்வால்டின் மனைவி டாஃப்னி ஒரு மெதுவான பாட்டுப் பாடுகிறார். இரண்டாவது சரணத்தின் நடுவில் பாட்டு நின்றுவிடுகிறது. பியானோ நிற்கிறது, டிரம்ஸ் நிற்கிறது. பாஸ் மட்டும் தனியாகப் போகிறது. போகிறது, திரும்புகிறது, மறுபடி போகிறது. முடிகிற மாதிரி வந்து முடியாமல் நீள்கிறது. அப்புறம் டாஃப்னியின் குரல் வந்து சேர்கிறது, மண்டபமே கைதட்டுகிறது. காலனியை விட்டு வெளிநாடு போனவர்கள் துணிமணியோடு அந்தக் கேசட்டின் பிரதியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். கடல் கடந்த பெர்த் நகரில் இன்றைக்கும் அதைப் போட்டுவிட்டு, "இது எங்க ஊர்" என்று அண்டை வீட்டுக்காரனுக்குச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எப்போது யார் புகழ்ந்தாலும் ஆஸ்வால்ட், "தேங்க்ஸ் மேன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

மெர்வின் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அழைப்பிதழ்ல போட்டாச்சு. ஆஸ்வால்ட் தனி, மறுபடியும். அச்சு அசல் அப்படியே வரணும் மேன். பெர்த்லேருந்து ஆளுங்க வர்றாங்க."

ஏகாம்பரம் நகர்ந்ததும் மெர்வின் பக்கத்தில் நின்றவரிடம், "நாலு பாஸ்காரங்க இருந்த இடத்துல ஒரு ஃபிட்டர்தான் மிச்சம், என்ன செய்யறது" என்று சொன்னது இவர் காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து கேசட்டும் கையுமாகத் திரிந்தார். அந்த மேடையில் நிற்கத் தனக்கு அருகதை உண்டு என்று காட்ட அவருக்கு இருந்த வழி அது ஒன்றுதான்.

ஞாயிறுதோறும் டாஃப்னிக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு போவது ஏகாம்பரத்தின் வழக்கம். டாஃப்னிக்கு மறதி வந்துவிட்டிருந்தது. பாட்டில் வார்த்தை மறந்தது, பிறகு கிழமை மறந்தது. சில நாள், "ஆஸிக்கு என்ன ஷிஃப்ட் மேன் இன்னைக்கு?" என்று கேட்பார். ஏகாம்பரம் ரொட்டியை எடுத்துத் தட்டில் வைப்பார்.

அன்று நல்ல நாள். டாஃப்னி தெளிவாக இருந்தார்.

"டாஃப்னிம்மா, அந்தத் தனியில சார் பாஸைத் தட்டுவாரே. விரலாலயா, உள்ளங்கையாலயா?"

"தட்டுவானா? ஆஸியா?" டாஃப்னி முறைத்தார். "தட்டினா நான் சும்மா வுடுவேனா மேன்? வார்னிஷ் போயிடாது?"

பாவம், இதையும் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டே வீடு திரும்பினார் ஏகாம்பரம்.

மாலைக்கு ஒரு வாரம் இருந்தபோது ஹில்டாவின் முன்னால் வாசித்துக் காட்டினார். ஒரு ஸ்வரம் பிசகவில்லை. கடைசிப் பகுதியில் இடது கை கம்பியில் இருக்க, வலது கையால் பாஸின் மர உடம்பில் டக் என்று தட்டினார். கொஞ்சம் விட்டு இன்னொரு டக். தட்டல்கள் நடுவிலிருந்து ஓரத்துக்கு வந்தன, சத்தம் கூடிக்கொண்டே வந்தது.

ஹில்டா சிரிக்கவில்லை. சிரிப்பு வந்த மாதிரி இருந்தது, அடக்கிக்கொண்டார்.

"அது என்ன சார், நடுவுல தட்டுனீங்களே?"

"கேசட்ல இருக்கு மிஸ். முதல்ல தூரமா, அப்புறம் கிட்ட. கையை நடுவுலேருந்து ஓரத்துக்குக் கொண்டு போனா அப்படி வருது. அதைக் கண்டுபிடிக்கத்தான் உயிர் போச்சு."

"தாளத்துல விழலையே?"

"அதுதான் மிஸ் ஆச்சரியம். தாளத்துக்கு வெளியே விழுது. சார் பெரிய ஆளு." பாஸை மெல்லத் தடவினார். "ஒண்ணு கேக்கட்டுமா மிஸ்? செத்துப்போனவரை நினைக்கிறதுன்னா இதுதானே? அவர் செஞ்சதை ஒண்ணு விடாம அப்படியே செய்யிறது?"

ஹில்டா பியானோவின் மூடியை மூடினார்.

"நாளைக்குச் சாயங்காலம் மண்டபத்துக்கு வாங்க. பாஸ் வேண்டாம்."

மறுநாள் மண்டபம் காலியாக இருந்தது. நாற்காலிகள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. ஹில்டா அவரை மேடையின் ஓரத்தில், பாஸ்காரர் நிற்கிற இடத்தில் நிறுத்தினார்.

"கண்ணை மூடிக்குங்க. நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது."

ஏகாம்பரம் மூடிக்கொண்டார். ஹில்டா எங்கோ போன சத்தம், திரை விலகும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. வெளியே ஒரு மின்சார ரயில் போனது.

டக்.

கொஞ்சம் விட்டு, டக்.

தூரத்தில் இருந்தது. பிறகு கிட்டே வந்தது. தாளத்தில் விழாமல், தயங்கித் தயங்கி, சத்தம் கூடிக்கொண்டே வந்து மேடையின் முன்பக்கம் நின்றது.

ஏகாம்பரம் ஹில்டா சொல்லும்வரை காத்திருக்கவில்லை. கண்ணைத் திறந்தார். ஹில்டா மைக் வைக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். காலில் பழைய ஹீல்ஸ் செருப்பு. அளவு சேராமல் பின்னால் இடைவெளி தெரிந்தது.

"யாரோட செருப்பு மிஸ்?"

"டாஃப்னி ஆன்ட்டியோடது."

ஏகாம்பரம் திரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். மைக் வைக்கிற இடத்தைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க எந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொன்ன மனிதர். இதைக் கேட்கத் தவறியிருந்தார்.

"அன்னைக்கு அவங்க மைக்கை விட்டுப் போயிட்டாங்களா?"

"திரைக்குப் பின்னாடி."

"ஏன் மிஸ்?"

ஹில்டா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அந்த மாசம்தான் அவங்க குழந்தை தவறிப்போச்சு. பாட்டுல ரெண்டாவது சரணத்துல தொட்டில்னு ஒரு வார்த்தை வரும். அதுக்கு மேல பாட முடியல. அங்கிள் மத்தவங்களைப் பார்த்துத் தலையை ஆட்டி நிறுத்தச் சொன்னாராம். பாஸை மட்டும் விடல. எல்லாமே நின்னா ஆடுறவங்க மேடையைத் திரும்பிப் பார்ப்பாங்கல்ல. பாஸ் மட்டும் போனா தனின்னு நினைச்சுப்பாங்க."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"ஆன்ட்டிதான். அங்கிளை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கு."

ஏகாம்பரம் மேடையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"ஊரே இதைச் சொல்லிச் சொல்லிக் கைதட்டுது. கடைசி வரைக்கும் சார் ஒரு வார்த்தை சொல்லலையே மிஸ்."

"சொன்னா ஆன்ட்டி அழுதது வெளியே தெரிஞ்சிடுமே."

ஏகாம்பரம் அழுதார். அறுபத்திரண்டு வயதில் அழுவதற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது. அழுது முடித்து, வேட்டி முனையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ நான் என்ன வாசிக்கிறது மிஸ்?"

"அன்னைக்கு அங்கிள் யார்கிட்ட கேட்டார்?" என்றார் ஹில்டா.

நினைவு மாலைக்கு மண்டபம் நிரம்பிவிட்டது. டாஃப்னி பாட வேண்டாம் என்று மெர்வின் கடைசி வரை சொல்லிப் பார்த்தார். பாடி நடுவில் மறந்துபோனால் அந்த அம்மாவுக்கு அவமானம், வந்தவர்களுக்கும் சங்கடம் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. "அவங்க பாடலைன்னா நான் வாசிக்கலை" என்று ஹில்டா சொன்ன பிறகு விட்டுவிட்டார்.

டாஃப்னி நீலப் பூப்போட்ட கவுன் அணிந்து, கையில் ஊன்றுகோலுடன் வந்தார். மைக்கின் முன்னால் நின்றதும் முதுகு நிமிர்ந்தது. முதல் சரணம் ஒரு குறையும் இல்லாமல் வந்தது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது சரணத்தில் இரண்டு வரி பாடினார். நின்றார்.

அழவில்லை. அடுத்தது என்ன என்று தெரியவில்லை, அவ்வளவுதான். மைக்கை யாரோ தன் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி பார்த்தார். பிறகு திரும்பி, பியானோவும் டிரம்ஸும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, மெல்ல நடந்து திரையருகே போய்விட்டார்.

ஹில்டா பியானோவிலிருந்து கையை எடுத்தார். டிரம்ஸ்காரர் அவரைப் பார்த்துத் தானும் நிறுத்தினார்.

கூட்டத்தில் ஒரு கிசுகிசுப்பு. தனி வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெர்த்திலிருந்து வந்தவர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

ஏகாம்பரத்தின் விரல்கள் கேசட்டின் முதல் நோட்ஸைத் தாமாகவே எடுத்தன. அவ்வளவு பழக்கம். கண் மட்டும் டாஃப்னியின் முதுகில் இருந்தது.

டாஃப்னி திரையை விலக்கி உள்ளே பார்த்தார்.

"ஆஸி எங்க மேன்?" என்றார். "ஷிஃப்ட் முடியலையா?"

மேடையில் இருந்தவர்களுக்கும் முன்வரிசைக்கும் அது கேட்டது.

அந்த இடத்தில் ஏகாம்பரத்தின் கையிலிருந்து கேசட்டின் வாசிப்பு நழுவிவிட்டது. மாதக்கணக்கில் மனப்பாடம் செய்ததில் அடுத்தது எது என்று அவர் தேடவும் இல்லை. கீழே இரண்டு நோட்ஸ், மேலே ஒன்று, மறுபடி கீழே. கற்றுக்கொள்ள வந்த முதல் வாரத்தில் எவரும் வாசிக்கிறதுதான். டாஃப்னி நின்றால் அதே இடத்தில் நின்று வாசித்தார். டாஃப்னியின் தலை கொஞ்சம் திரும்பினால் ஒரு படி மேலே ஏறினார்.

"இங்கே இருக்கேன் டாஃப்னிம்மா" என்றார் தாழ்ந்த குரலில், கையை நிறுத்தாமல். "பாட்டு போயிட்டிருக்கு. மெதுவா வாங்க."

அது நீண்டது. கேசட்டில் இருந்ததை விடவும் நீண்டது. யாரோ இருமினார்கள். மேடைக்குப் பக்கவாட்டில் மெர்வின் கைக்கடிகாரத்தைச் சுட்டிக்காட்டினார். பெர்த்காரர் செல்போனைக் கீழே இறக்கினார். ஏகாம்பரத்துக்கு எல்லாம் தெரிந்தது. அவமானமாகத்தான் இருந்தது. அந்த மேடையில் நிற்க அருகதை உண்டு என்று காட்டக் கிடைத்த ஒரே வாய்ப்பு அவர் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. கையை மட்டும் நிறுத்தவில்லை.

டாஃப்னி தலையைச் சாய்த்துக் கேட்டார். ஆஸ்வால்ட் வாசித்த அதே பாஸ், அதே மரம். திரையை விட்டார். திரும்பினார்.

டக் என்று ஊன்றுகோல் மரத்தரையில் பதிந்தது. ஒரு அடி. கொஞ்சம் நின்று, இன்னொரு டக்.

நடந்து வந்து, மைக்குக்குப் போகாமல் ஏகாம்பரத்திடம் வந்தார். பாஸின் தோளில் உள்ளங்கையை வைத்தார். அதிர்வு கையில் ஏறுவதை உணர்ந்தவர் மாதிரி நின்றார். பிறகு அங்கிருந்தே, மைக் இல்லாமல், முதல் சரணத்தை மறுபடியும் ஆரம்பித்தார். பாட வேண்டியது இரண்டாவது. ஏகாம்பரம் முதல் சரணத்துக்குப் போனார். ஹில்டாவும் வந்து சேர்ந்தார்.

முடிந்ததும் கைதட்டல் விட்டு விட்டு எழுந்தது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள், சிலர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள்.

பெர்த்காரர் மேடைக்கு வந்து ஏகாம்பரத்தின் கையைக் குலுக்கினார். நல்ல மனிதர், மனம் நோகாமல்தான் சொன்னார்: "ரொம்ப நல்லா சமாளிச்சீங்க. ஆனா ஆஸ்வால்ட் தனி கேக்கத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்."

மெர்வின், "அழைப்பிதழ்ல போட்டோமே மேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலிகளை எண்ணப் போய்விட்டார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் இருவர் வாயும் அடைபட்டிருக்கும். ஏகாம்பரம் சொல்லவில்லை. "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு, பாஸுக்கு உறையை மாட்டிக்கொண்டு ஹில்டாவிடம் வந்தார்.

"மன்னிச்சிடுங்க மிஸ். ஒரு நோட்ஸ்கூட கேசட்ல இருக்கிற மாதிரி வரலை."

ஹில்டா பியானோவின் கட்டைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ பாடுபட்டுப் பழகினது. எல்லாம் போச்சு. கடைசியில அந்தத் தட்டலைக்கூட விட்டுட்டேன்."

ஹில்டா துடைப்பதை நிறுத்திவிட்டு மேடையின் மறுகோடியைப் பார்த்தார். அங்கே டாஃப்னி ஊன்றுகோலை மடியில் போட்டுக்கொண்டு கேக் தின்றுகொண்டிருந்தார்.

"தட்டல் வந்துச்சே சார்" என்றார். "முதல்ல தூரமா, அப்புறம் கிட்ட."